5 குனா நோட்டில் இருக்கும் கவிஞர் யார்?

வாசகர் கேள்வி, 9 ஏப்ரல் 2023
அண்ணன் குரோவேஷியா போய்விட்டு வந்து ஒரு பழைய 5 குனா நோட்டைக் கொடுத்தார். அதில் மீசை வைத்த இரண்டு பேர். தேடிப் பார்த்தால், ஒருவர் கவிஞர், பேரரசருக்கு எதிராகச் சதி செய்து தலை வெட்டப்பட்டவர் என்கிறார்கள். நாட்டு விடுதலைக்கு உயிர் கொடுத்தவர் என்று சிலர், துருக்கியரிடம் நாட்டை விற்கப் போனவர் என்று சிலர். எது சரி? இந்த நோட்டு இன்னும் செல்லுமா?

9 ஏப்ரல் 2023, இரவு
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கடையில் செல்லாது, 2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான். குரோவேஷிய தேசிய வங்கி குனா நோட்டுகளைக் காலவரம்பு இல்லாமல் மாற்றித் தருகிறது. ஒரு யூரோவுக்கு 7.53450 குனா என்பது கணக்கு. உங்களுக்கு 66 சென்ட் கிடைக்கும். விமான டிக்கெட் போடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி மீசைக்காரர்கள். ஒருவர் பேத்தர் ஸ்ரின்ஸ்கி, குரோவேஷியாவின் பான், அதாவது அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆளுநர். இன்னொருவர் அவருடைய மைத்துனர் ஃபிரான் கிர்ஸ்தோ ஃபிராங்கோபான். நீங்கள் கேட்கும் கவிஞர் இந்த இரண்டாமவர். 1643 மார்ச் 4 அன்று போசிலியேவோ கோட்டையில் பிறந்தார். 1671 ஏப்ரல் 30 அன்று வீனர் நாய்ஷ்டாட் ஊரில் தலை வெட்டப்பட்டது. வயது 28. மைத்துனருக்கு அப்போது ஐம்பதை நெருங்குகிறது. இந்த வயது வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தியாகியா துரோகியா என்று கேட்டால், இரண்டு பட்டமும் அவருக்குப் பொருந்தவில்லை என்பதுதான் என் எண்ணம். கிளர்ச்சிக்காரராக அவர் சுமார் ரகம். கவிஞராக நல்ல ரகம். குரோவேஷியாவில் பெரும்பாலும் முதல் விஷயத்துக்காகத்தான் சிலை வைக்கிறார்கள்.

10 ஏப்ரல் 2023
நேற்று சுருக்கமாக முடித்துவிட்டேன். பின்னணி தெரியாமல் எதுவும் புரியாது.

1664 ஆகஸ்ட் 1. வியன்னாவிலிருந்து ஆண்ட ஹப்ஸ்பர்க் அரச குலத்தின் படையும் கூட்டாளிகளும் செயின்ட் கோட்ஹார்டில் துருக்கியப் படையைத் தோற்கடிக்கிறார்கள். ஹங்கேரி, குரோவேஷியப் பிரபுக்கள் எல்லோரும் 'சரி, இனி இழந்த ஊர்களை மீட்கலாம்' என்று துள்ளுகிறார்கள். பத்தே நாளில், ஆகஸ்ட் 10 அன்று, பேரரசர் லியோபோல்ட் வாஸ்வாரில் சமாதான ஒப்பந்தம் போடுகிறார். இருபது ஆண்டுப் போர்நிறுத்தம். பிடித்த கோட்டைகளைத் துருக்கியர் தாங்களே வைத்துக்கொள்ளலாம், சுல்தானுக்கு இரண்டு லட்சம் ஃபுளோரின் பரிசு வேறு. ஸ்ரின்ஸ்கி குடும்பம் சொந்தச் செலவில் கட்டிய நோவி ஸ்ரின் கோட்டையைத் துருக்கியர் அதே கோடையில் தகர்த்திருந்தார்கள். அதைத் திரும்பக் கட்டவும் கூடாதாம். ஜெயித்தவன் கப்பம் கட்டிய கதை.

வியன்னாவுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. மேற்கே பிரான்ஸ், ஸ்பானிய வாரிசுப் பிரச்சினை, கஜானா காலி. எல்லையில் வீடும் வயலும் வைத்திருந்தவனுக்கு அந்த நியாயம் சோறு போடாது.

10 ஏப்ரல் 2023, சற்று நேரம் கழித்து
ஒருவர் கேட்டிருக்கிறார்: சிகெட்வார் கோட்டையில் 1566இல் சண்டையிட்டு மடிந்தாரே, அவரும் இந்த ஸ்ரின்ஸ்கியும் ஒருவரா? இல்லை. அவர் நிக்கோலா ஷூபிச் ஸ்ரின்ஸ்கி, பேத்தருடைய கொள்ளுத் தாத்தா. பேத்தரின் அண்ணன் பெயரும் நிக்கோலா. அவர் கொள்ளுத் தாத்தாவைப் பற்றி ஹங்கேரிய மொழியில் காவியம் எழுத, தம்பி பேத்தர் அதைக் குரோவேஷியத்தில் ஆக்கி 1660இல் வெனிஸில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு பேத்தரின் மனைவி கத்தரீனாவும் வெனிஸிலேயே ஒரு ஜெப நூலை வெளியிட்டார். இந்தக் கத்தரீனா நம் கவிஞருக்கு அக்கா, ஒரே தந்தை, வேறு தாய். குடும்பமே வாளோடு பேனாவும் பிடித்த குடும்பம். ஓசால் கோட்டையின் பெயரால் இவர்களை ஓசால் இலக்கிய வட்டம் என்று அழைக்கிறார்கள்.

அண்ணன் நிக்கோலா 1664 நவம்பர் 18 அன்று சாகோவெட்ஸ் அருகே காட்டில் வேட்டையாடப் போய்க் காட்டுப்பன்றி குத்தி இறந்தார். பன்றியை வியன்னா அனுப்பியது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

13 ஏப்ரல் 2023
"அப்போ இது விடுதலைப் போர்தானே?"

யாருடைய விடுதலை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1573இல் மத்தியா குபெட்ஸ் தலைமையில் குரோவேஷிய விவசாயிகள் கிளர்ந்தபோது அதை நசுக்கியவர்கள் இந்தப் பிரபு வர்க்கத்தார்தான். ஃபிராங்கோபான்களின் நிலத்தில் பண்ணையாட்கள் உழைத்தார்கள். பேத்தருக்குத் துறைமுக வியாபாரத்தில் பெரிய வருமானம். எல்லைக் காவலின் தலைமையிடமான கார்லோவாட்ஸில் தளபதிப் பதவி வேண்டும் என்று அவர் நெடுநாள் கேட்டார். அது ஹெர்பர்ஷ்டைன் என்ற ஆஸ்திரியருக்குப் போனது. நம் கவிஞரின் தந்தை ஒரு காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர். ஆக, மானமும் உண்டு, சொத்தும் உண்டு, பதவி கிடைக்காத கோபமும் உண்டு. இதில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று. 'சுயநலம்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் சோம்பேறித்தனம். அந்த ஊர்கள் ஆண்டுதோறும் எரிந்தன. சண்டையை நிறுத்திக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லையிலிருந்து வெகு தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

13 ஏப்ரல் 2023, இரவு
சதி எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கு. சதி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம், ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

தொடங்கியவர்கள் ஹங்கேரியின் பெரிய தலைகள்: அரசப் பிரதிநிதி வெஸ்ஸெலேனி, பேராயர் லிப்பாய், நாதாஷ்தி. லிப்பாய் 1666இலும் வெஸ்ஸெலேனி 1667இலும் இறந்துவிடுகிறார்கள். முதலில் பிரான்ஸ் கதவைத் தட்டினார்கள். பதினான்காம் லூயியின் தூதர் கிரெமோன்வில் வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தார். அதே கிரெமோன்வில் 1668 ஜனவரியில் லியோபோல்டுடன் ஸ்பானியச் சொத்தைப் பங்கு போடும் ரகசிய ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தார். அப்புறம் லூயிக்கு இந்த ஆட்கள் எதற்கு? வெனிஸும் கைவிரித்தது.

மிச்சம் சுல்தான்தான். கிரீட் தீவுப் போர் 1669இல் முடிந்ததும் பேத்தர் தன் ஆளை அங்கே அனுப்பினார். அங்கேயும் பலன் இல்லை. சுல்தான் அரசவையின் தலைமை மொழிபெயர்ப்பாளர் பனயோட்டிஸ் நிகூசியோஸ் என்ற கிரேக்கர், அவர் வியன்னாவின் தூதருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் பேசுவதைக் கேட்கிற ஒரே ஆள் எதிரியின் ஆள் என்றால் எப்படி இருக்கும்!

1670 மார்ச்சில் ஃபிராங்கோபான் களத்தில் இறங்குகிறார். சாக்ரெபைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார், ஊரும் வரவில்லை, ஆயர் போர்க்கோவிச்சும் வரவில்லை. பேத்தர் தன் மகன் இவான் அந்துனை வியன்னாவுக்குப் பிணையாக அனுப்பி மன்னிப்புக்கு வழி தேடினார். ஏப்ரலில் பேரரசரின் படை சாகோவெட்ஸை நெருங்கியபோது இருவரும் தப்பி, துருக்கிய எல்லைக்குப் போகாமல், நேராக வியன்னாவுக்கே போய்ச் சேர்ந்தார்கள். மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் போனார்கள்.

துரோகி என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நிஜமாகவே நாட்டை விற்றவன் விலை வாங்கப் போவான், நீதிபதியின் வாசலுக்குப் போக மாட்டான்.

16 ஏப்ரல் 2023
மேலே எழுதிய கடைசி வாக்கியத்தைப் பலர் பாராட்டியிருக்கிறீர்கள். எனக்கு அதில் இப்போது அரைகுறைத் திருப்திதான். விற்க முயன்று வாங்க ஆள் கிடைக்காதவனும் அதே வாசலுக்குத்தான் போவான் என்று ஒருவர் ஆட்சேபித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

17 ஏப்ரல் 2023
வீனர் நாய்ஷ்டாட் பற்றி. நான் வேலை நிமித்தம் வியன்னாவில் இருந்தவன். தெற்கே ஐம்பது கிலோமீட்டர், ரயிலில் அரை மணி நேரச் சொச்சம். சுற்றுலாப் பயணி யாரும் இறங்காத ஊர். பேராலயத்தின் சுவரில் இவர்களுடைய கல்லறைப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. வாசகம் லத்தீன். இங்கே குரோவேஷிய பான் பேத்தர் ஸ்ரின்ஸ்கியும், குலத்தின் கடைசி ஆளான ஃபிராங்கோபானும் கிடக்கிறார்கள் என்று தொடங்கி, குருடன் குருடனுக்கு வழிகாட்டியதால் இருவரும் இந்தக் குழியில் விழுந்தார்கள் என்று போகிறது. மத்தேயு சுவிசேஷத்து வரி.

அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கொன்றாயிற்று, கல்லிலும் கேலியா? கூட வந்த நண்பர் வேறு மாதிரி பார்த்தார். "இதில் வழிகாட்டிய குருடன் யார், பின்னால் போன குருடன் யார்?" என்றார். நல்ல கேள்வி. பேத்தர் மூத்தவர், பதவி, செல்வாக்கு, தூதர் தொடர்பு எல்லாம் அவரிடம். அதனால் அவர்தான் இழுத்துக்கொண்டு போனார் என்று தோன்றும். ஆனால் கடைசி வாரங்களில் பேத்தர் தயங்கித் தயங்கி மன்னிப்பை நோக்கிச் சாய்ந்தபோது, குதிரையேறிப் போய் ஆள் திரட்டியவர் இளையவரான ஃபிராங்கோபான்தான். இழுத்துச் செல்லப்பட்டவர் என்று அவருக்குப் பரிவு காட்டினால், அவரே அதை விரும்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வழக்கில் இருவரும் ஒரு வாதம் வைத்தார்கள்: குரோவேஷியப் பிரபுக்களை விசாரிக்க வியன்னா நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, எங்கள் சபைதான் விசாரிக்க வேண்டும் என்று. எடுபடவில்லை. வலது கையையும் தலையையும் வெட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. கையை மன்னித்துவிட்டார் பேரரசர். ஆயுதக் கிடங்கின் முற்றத்தில், ஒருவர் பின் ஒருவராக. அதே நாளில் வியன்னாவில் நாதாஷ்தியின் தலையும் போனது.

முந்தின நாள் பேத்தர் மனைவிக்கு எழுதிய கடிதம் குரோவேஷியர்களுக்கு மனப்பாடம். 'என் அன்பு நெஞ்சே' என்று கூப்பிட்டு, நாளை பத்து மணிக்கு என் தலையை வெட்டுவார்கள், கூடவே உன் தம்பியின் தலையையும் என்று சொல்கிறார். இன்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றோம் என்கிறார். அந்தக் காலத்திலேயே பல மொழிகளில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போனது. தமிழில் யாராவது செய்யலாம். நான் ஒரு பக்கம் முயன்று மூடி வைத்துவிட்டேன். அழுகையை ஒரு சொட்டு கூட்டினாலும் கெட்டுப் போகிற கடிதம்.

18 ஏப்ரல் 2023
சரி, கவிதைக்கு வருவோம். இவ்வளவு பேசியும் கவிதையைத் தொடவில்லை என்று ஒருவர் கடிந்துகொண்டது நியாயமே.

பதின்மூன்று வயதில், 1656இல், லத்தீனில் ஒரு இரங்கற்பாவை அச்சில் கொண்டுவந்துவிட்டார். சாக்ரெபில் இயேசு சபையாரிடம் படித்த பையன், லத்தீன் தண்ணீர் பட்ட பாடு. பிறகு ரோமைச் சேர்ந்த யூலியா நாரோவை மணந்தார். வீட்டில் இத்தாலியம், ஊரில் குரோவேஷியம், அரசவையில் ஜெர்மன்.

நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான எழுத்தில் பெரும்பகுதி சிறையில் எழுதியது. தொகுப்பின் பெயர் 'கார்ட்லிட்ஸ் ஸா சாஸ் கிராத்தித்தி'. பொழுது போக்க ஒரு சிறு தோட்டம் என்று பொருள். மரணம் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதியதில் முக்கால்வாசி காதல். பெண்ணின் கண், கூந்தல், பிரிவு, ஏக்கம், மன்மதனின் அம்பு என்று இத்தாலிய பரோக் கவிகளின் வழக்கமான சரக்கு. ஆனால் அவர் கையில் அது வழக்கமாக இல்லை. நாட்டுப்பாடல் மெட்டு உள்ளே புகுந்துவிடுகிறது. குரோவேஷியத்தின் மூன்று வட்டார வழக்குகளும் ஒரே பாட்டில் கலந்து வரும். கரையோரத்தான் ஒருவன் உள்நாட்டுச் சந்தையில் நின்று பேசுவது மாதிரி.

விடுகதைகளும் எழுதினார், ஒரு கொத்து. சில இரட்டை அர்த்தம். நீங்கள் தப்பாக யோசித்தால் அது உங்கள் புத்தி, விடை அப்பாவியான ஒரு வீட்டுச் சாமானாக இருக்கும். இந்த வகை நம் ஊர்த் திண்ணைகளிலும் ஏராளம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

18 ஏப்ரல் 2023, அதே நாள்
மறந்த விஷயம், எனக்கு மிகப் பிடித்தது. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் 'ஜார்ஜ் தாந்தன்' நாடகம் வெர்சாயில் 1668 ஜூலையில் அரங்கேறியது. பணக்கார விவசாயி ஒருவன் பிரபு வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு படும் அவஸ்தை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஃபிராங்கோபான் அதை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். தொடக்கப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. விவசாயியின் பேச்சை ஸ்லோவேனியப் பக்கத்து வட்டார வழக்கில் போட்டிருக்கிறார்.

பிரபு குலத்தின் கடைசி வாரிசு பிரபுக்களைக் கிண்டல் செய்யும் நாடகத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். இவரை வெறும் வீரர் என்று சிலையில் ஏற்றிவிட்டால் இந்த ஆள் காணாமல் போகிறார் என்பதுதான் என் குறை.

22 ஏப்ரல் 2023
"அந்தப் புகழ்பெற்ற வரியை விட்டுவிட்டீர்களே" என்று மூன்று பேர். விடவில்லை, தள்ளிப்போட்டேன்.

'நாவிக் ஓன் ஷிவி கி ஸ்கினே போஷ்தேனோ'. மானத்தோடு மடிகிறவன் என்றென்றும் வாழ்வான். 'போருக்கு அழைப்பு' என்ற பாட்டில் வருவது. குரோவேஷியாவில் படைப்பிரிவுச் சின்னம் முதல் பள்ளிக்கூடச் சுவர் வரை இதைப் பார்க்கலாம். நல்ல வரிதான், ஓசை நயம் பிரமாதம். ஆனால் ஒரு கவிஞரை ஒரு வரியாகச் சுருக்கினால் எந்த அரசியலுக்கும் வசதி. ஏகாதிபத்தியத்துக்கு எதிரானவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மன்னராட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், போருக்குப் பையன்களை அனுப்புகிறவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியை எழுதியவர் அதே தோட்டத்தில் ஒரு பெண்ணின் கூந்தலுக்கு எத்தனை பாட்டு எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை.

23 ஏப்ரல் 2023
இந்தக் கவிதைகள் எப்படித் தப்பின என்று கேட்டதற்கு. சொத்தெல்லாம் பறிமுதல். ஓசால், போசிலியேவோ, கடற்கரைக் கோட்டைகள் எல்லாவற்றிலும் ஹெர்பர்ஷ்டைன் ஆட்கள் புகுந்து வாரிக்கொண்டு போனார்கள். காகிதங்கள் மட்டும் வியன்னாவில் வழக்குக் கட்டோடு சேர்ந்து தூங்கின. 1871இல், தலை வெட்டி இருநூறாவது ஆண்டில், கொஸ்த்ரென்சிச் என்பவர் அவற்றை சாக்ரெபில் அச்சிட்டார். அதுவரை குரோவேஷிய இலக்கியத்துக்கு இப்படி ஒரு கவிஞர் இருந்ததே சரியாகத் தெரியாது. அதனால் அவர் காலத்தவர் யாரையும் அவர் பாதிக்கவில்லை, அவருக்குச் சீடரும் இல்லை. ஆளைக் கொன்ற அரசாங்கம் கோப்பை ஒழுங்காக வைத்திருந்தது, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

25 ஏப்ரல் 2023
வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். ஓசால் கோட்டைக்கு யாராவது போனால் கவனியுங்கள்: கூபா நதிக்கு மேலே பாறையில் நிற்பதுதான் கோட்டை. கீழே ஆற்றோரம் கோதிக் பாணியில் ஜன்னலும் கோபுரமுமாக நிற்பது 1908இல் கட்டிய நீர்மின் நிலையம். நான் போன அன்று ஒரு குழுவே அதன் முன்னால் நின்று ஸ்ரின்ஸ்கி கோட்டை என்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் வந்துவிட்டேன். மின்நிலையமும் அழகுதான்.

நோட்டின் மறுபக்கம் இருப்பது வராஷ்டின் கோட்டை என்று ஒருவர் சரியாகச் சொன்னார். அது ஃபிராங்கோபானுடையதும் அல்ல, ஸ்ரின்ஸ்கியுடையதும் அல்ல. எர்தோதி குடும்பத்துக் கோட்டை. 1670இல் பேத்தர் விழுந்ததும் பான் பொறுப்புக்கு வந்தது யார் தெரியுமா? பேரரசர் பக்கம் நின்ற நிக்கோலா எர்தோதி. நோட்டை வடிவமைத்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா என்று கேட்காதீர்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

30 ஏப்ரல் 2023
எலும்புகள் பற்றிக் கேட்டவருக்கு: 1907இல் வீனர் நாய்ஷ்டாடில் தோண்டி எடுத்தார்கள், ஆனால் ஹப்ஸ்பர்க் ஆட்சி இருக்கும்வரை ஊர் போய்ச் சேரவில்லை. பேரரசு உடைந்த பிறகு, 1919 ஏப்ரல் 30 அன்று சாக்ரெப் பேராலயத்தில் அடக்கம். 2020 மார்ச் நிலநடுக்கத்தில் அந்தப் பேராலயத்தின் கோபுர முனை விழுந்தது, 2023இலும் பழுதுபார்ப்பு முடியவில்லை. அதனால் திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் உள்ளே போய்ப் பார்க்கும் திட்டத்தோடு டிக்கெட் போட வேண்டாம்.

2 மே 2023
பெண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கத்தரீனாவை கிராட்ஸில் ஒரு கன்னிமாடத்தில் அடைத்தார்கள், 1673 நவம்பரில் இறந்தார். கணவனும் தம்பியும் ஒரே காலையில் போன பிறகு இரண்டரை ஆண்டு. ஒரு மகள் கிளாகன்ஃபுர்ட் கன்னிமாடத்தில் 1735 வரை வாழ்ந்தாள், வெளியே வராமல். பிணையாகப் போன மகன் இவான் அந்துனையும் விட்டுவைக்கவில்லை. பிற்பாடு அவன் மேலேயும் துரோகக் குற்றம் சாட்டி அடைத்தார்கள், நெடுங்காலம் சிறையில் கிடந்து 1703இல் கிராட்ஸ் கோட்டைச் சிறையிலேயே செத்தான். இரண்டு மீசைக்காரர்களுக்கும் நோட்டில் இடம் கிடைத்தது, இவர்களுக்கு இல்லை.

மூத்த மகள் யெலெனா கதை வேறு. முதல் கணவர் ராகோட்சியும் இந்தச் சதியில் இருந்தவர், பெரும் பணம் கட்டித் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் போன பிறகு யெலெனா மறுமணம் செய்து, முன்காச் கோட்டையை 1685 முதல் 1688 வரை பேரரசரின் படைக்கு எதிராகத் தாக்குப்பிடித்தாள். அப்பாவும் மாமாவும் சில வாரம்கூட நடத்த முடியாத சண்டையை அவள் ஆண்டுக்கணக்கில் நடத்தினாள். கடைசியில் துருக்கியில் இஸ்மித் ஊரில் 1703இல் இறந்தாள். இவளுக்குத் தனி இழை தொடங்க வேண்டும், யாராவது தொடங்கினால் வந்து எழுதுகிறேன்.

3 மே 2023
எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றவருக்கு: விடுகதைகளிலிருந்து. சின்னச் சின்னது, குரோவேஷியம் கொஞ்சம் தெரிந்தவர் துணை இருந்தால் போதும். அடுத்து காதல் பாட்டுகள். 'போருக்கு அழைப்பு' கடைசியில். பேத்தரின் கடிதத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், இரவில் வேண்டாம்.